ஓர் இராத்தல் தானியமும் ஓர் உடலும்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சிலுவைப்பாதை முடிந்தபின், ஆலய முற்றத்து வேப்பமரத்தடியில் கஞ்சி வழங்கிக்கொண்டிருந்தார்கள். இராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் நாம் பணியாற்றிய காலம் அது. வரிசையில் முன்னும் பின்னுமாக இருவர் நின்றிருந்தனர். ஒருவர் நூற்பாலையில் உழைத்து ஓய்வுபெற்றவர்; எலும்பும் தோலுமான உடல். மற்றவர் பலசரக்குக் கடைக்காரர், பருத்த உடலினர். மெலிந்தவர் கேலியாகச் சொன்னார்: "அண்ணாச்சி, பஞ்சம் வந்தால் நீங்கள் தப்பித்துக்கொள்வீர்கள். ஆறு மாதத்துக்கு வேண்டியதை உடம்பிலேயே இருப்பு வைத்திருக்கிறீர்கள்." கடைக்காரர் விடவில்லை. "எனக்கு ஒரு வேளை தப்பினாலே கண்ணைக் கட்டுகிறது. உன் உடம்பு பசிக்குப் பழகிய உடம்பு. நீதான் பிழைப்பாய்" என்றார். பிறகு இருவரும் நம் பக்கம் திரும்பி, "சாமி, நீங்களே சொல்லுங்கள், யார் சொல்வது சரி?" என்று கேட்டனர்.

நாம் சிரித்து மழுப்பினோம். ஆனால் அருகில் கிண்ணத்தோடு அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் சிரிக்கவில்லை. "தாது வருசத்துல ஒல்லியும் செத்துச்சு, பருமனும் செத்துச்சுன்னு எங்க பாட்டி சொல்லும் சாமி. கஞ்சித்தொட்டி வரைக்கும் நடக்க முடிஞ்சவுக மட்டும் மிஞ்சுனாகளாம்" என்றார். அந்தச் சொல் நம்மை நெடுநாள் விடவில்லை. கேலியாகத் தொடங்கிய அந்தக் கேள்வி, இந்த மண்ணின் வரலாற்றோடும் நம் விசுவாசத்தோடும் தொடர்புடையது என்று பின்னர் உணர்ந்தோம். அன்று சொல்லாத விடையை இங்கே எழுத முனைகிறோம்.

உடலுக்குள் ஒரு களஞ்சியம்

தொடக்க நூலில் பார்வோன் ஒரு கனவு காண்கிறான். கொழுத்த பசுக்கள் ஏழு நைல் நதியிலிருந்து கரையேறுகின்றன. பின்னால் வந்த மெலிந்த பசுக்கள் ஏழும் அவற்றை விழுங்குகின்றன. விழுங்கிய பின்னும் மெலிந்தே இருக்கின்றன. அந்தக் கனவுக்குப் பொருள் சொன்ன யோசேப்பு, செழிப்பான ஆண்டுகளில் தானியத்தைச் சேர்த்து வைக்கும்படி மன்னனுக்கு அறிவுரை கூறினார். நாட்டுக்குக் களஞ்சியம் எப்படியோ, உடலுக்குக் கொழுப்பு அப்படி. படைத்தவர் நமக்குள்ளேயே வைத்த சேமிப்புக் கிடங்கு அது.

உணவு நின்றுபோனால் உடல் என்ன செய்கிறது? கல்லீரலில் சேமித்துள்ள சர்க்கரை ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும. மூளைக்குச் சர்க்கரை தேவை. எனவே உடல் தன் தசையையே கரைத்து அதை உண்டாக்கத் தொடங்குகிறது. இந்நிலை நீடித்தால் மனிதன் சில வாரங்களுக்குள் மடிந்துபோவான். ஆனால் சில நாள்களில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. கொழுப்பிலிருந்து கல்லீரல் உண்டாக்கும் கீட்டோன் என்னும் பொருளை ஏற்று இயங்க மூளை பழகிக்கொள்கிறது. தசை கரையும் வேகம் குறைகிறது. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் காஹில் 1960-களில் நடத்திய ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. அது முதல், கொழுப்பு உள்ளவரை உயிர் பெரும்பாலும் அதைக் கொண்டே ஓடுகிறது.

இருப்பின் மதிப்பும் ஒன்றுபோல் இல்லை. ஒரு கிலோ கொழுப்புத் திசு ஏறத்தாழ 7,700 கலோரி தரும். ஒரு கிலோ தசையோ பெரும்பகுதி நீர். அதைக் கரைத்தால் 1,000 கலோரிகூடக் கிடைப்பதில்லை. அதோடு, தசை மிகுந்த பெரிய உடலுக்கு அன்றாடச் செலவும் அதிகம். ஆகவே பஞ்சக் காலத்தில் மல்லனின் புயம் அவனுக்குப் பெருந்துணை ஆவதில்லை.

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். ஒருவரின் எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அது 18.5-க்குக் கீழே போனால் மெலிவு. ஆண்களுக்கு 12-ஐ நெருங்கினால் சாவின் வாசல். ஐந்தேகால் அடி, அதாவது 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் ஆணுக்கு அந்த வாசல் ஏறத்தாழ 31 கிலோ. அவர் 60 கிலோ எடையோடு பஞ்சத்துக்குள் நுழைந்தால் அவருக்கும் சாவுக்கும் நடுவே 29 கிலோ தூரம் இருக்கிறது. 42 கிலோ எடையோடு நுழைந்தால் 11 கிலோதான். பசி இருவருக்கும் ஒன்றே. ஒருவர் நெடுந்தொலைவில் நின்று புறப்படுகிறார், மற்றவர் வாசலருகே நின்று புறப்படுகிறார்.

மிகப் பருத்த உடலால் எவ்வளவு நாள் தாங்க முடியும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆங்கஸ் பார்பியரி என்ற இளைஞர் 1965-66-இல் மருத்துவர்களின் கண்காணிப்பில் 382 நாள் உணவின்றி இருந்தார். 207 கிலோவாக இருந்தவர் 82 கிலோவானார். ஆனால் அவருக்கு உயிர்ச்சத்துகளும் உப்புகளும் முறையாகத் தரப்பட்டன. அவை இல்லாவிடில் கொழுப்பு மிஞ்சியிருக்கும்போதே இதயம் நின்றுவிடக்கூடும். ஆகவே கடைக்காரரைப் பற்றி மெலிந்தவர் சொன்னது பாதி உண்மை.

பசித்துப் பழகிய உடலைப் பற்றிக் கடைக்காரர் சொன்னதிலும் சிறிது உண்மை இருக்கிறது. சிறிய உடலுக்குச் செலவு குறைவு. நெடுங்காலம் குறைத்து உண்டவரின் உடல் சிக்கனத்தைக் கற்றுக்கொள்கிறது. ஆனால் சிக்கனம் சேமிப்பு ஆகாது. அன்றாடங்காய்ச்சி எவ்வளவு சிக்கனமாக வாழ்ந்தாலும், அடுப்பு அணைந்த அன்று அவன் பானையில் ஒன்றும் இருப்பதில்லை.

தாது வருடம்

மூதாட்டி சொன்ன தாது வருடம் 1876-77. 1876-இல் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தன. பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், கோயமுத்தூர் எனச் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியைப் பஞ்சம் பிடித்தது. 1878 வரை அதன் தாக்கம் நீடித்தது. பிரித்தானியர் நேரடியாக ஆண்ட பகுதிகளில் மட்டும் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது வரலாற்று ஆசிரியர்களின் கணிப்பு.

இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ள இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1910-இல்தான் புதிதாக அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்தோடு இணைந்தன. தாமிரபரணி பாய்ந்த தென்பகுதி பஞ்சத்தின் முழுக் கொடுமையிலிருந்து ஓரளவு தப்பியது. வடக்கே இருந்த வறண்ட வட்டங்களுக்கு அத்தகைய ஆறு இல்லை. மேற்கே மலை, அதன் அடியில் கண்மாய்களும் கிணறுகளும்; கிழக்கே போகப்போகக் கம்பும் சோளமும் பருத்தியும் விளையும் கரிசல் வெளி. கண்மாய் வறண்டால் நெல் இல்லை. மழை பொய்த்தால் கம்பும் இல்லை. மலையடிவாரத்து மக்களுக்குக் காட்டுக் கிழங்கு என்ற ஒரு வாய்ப்பேனும் இருந்தது. திறந்த கரிசலில் அதுவும் கிடையாது. பஞ்சம் பிடித்த ஊர்களில் மக்கள் சப்பாத்திக்கள்ளிப் பழத்தையும், புல் விதைகளையும், எதுவென்று அறியாத வேர்களையும் தின்றார்கள்.

மதுரை-தூத்துக்குடி இருப்புப்பாதை 1876-இல் திறக்கப்பட்டு, விருதுபட்டி, சாத்தூர் வழியாக ஓடியது. இராஜபாளையம் பக்கத்துக்கு இரயில் வர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. இரயிலடியிலிருந்து தானியத்தை இழுக்க வண்டி மாடு வேண்டும். மாடுகளோ தீவனமின்றி மனிதருக்கு முன்பே செத்துக்கொண்டிருந்தன. தானியம் ஓரிடத்தில் கிடக்க, பசி வேறிடத்தில் கிடந்தது. வாங்கக் காசு உள்ளவர்களை நோக்கியே தானியம் நகர்ந்தது. பஞ்சத்தில் மக்கள் இறப்பது நாட்டில் உணவே இல்லாததால் என்பதைவிட, உணவைப் பெறும் உரிமையை அவர்கள் இழந்துவிடுவதால்தான் என்று அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். ஒன்பது வயதுச் சிறுவனாக 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர் அவர்.

இராத்தலும் மருத்துவரும்

1877 சனவரி முதல் நாள் விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக டெல்லியில் அறிவிக்கப்பட்டார். அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு பல்லாயிரம் விருந்தினரைக் கூட்டி நடத்திய அந்தத் தர்பார் நடந்தபோது சென்னை மாகாணம் பட்டினியில் இருந்தது. அதே மாதம் சர் ரிச்சர்டு டெம்பிள் பஞ்சப் பணியை மேற்பார்வையிடச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். 1874-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்து மக்களைக் காத்தவர் இவரே. ஆனால் அதற்காக அவருக்குக் கிடைத்த பரிசு, வீண்செலவு செய்தார் என்ற கடுங்கண்டனம். இம்முறை அந்தப் பழிக்கு இடம்கொடுக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

பஞ்ச நிவாரண வேலையில் கல் உடைத்து மண் சுமக்கும் ஆணுக்கு நாள் கூலியாக ஓர் இராத்தல் தானியத்துக்கு உரிய பணமும் மேற்கொண்டு சிறு காசும் போதும் என்று அவர் வகுத்தார். இராத்தல் என்பது ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம். பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதிலும் குறைவு. வலுவுள்ளோர்க்குச் சொந்த ஊரிலிருந்து பத்து மைலுக்குள் வேலை தரக்கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. உண்மையாகவே பசித்தவன்தான் நடந்து வருவான் என்பது அதன் தருக்கம். பசித்த உடலுக்குப் பத்து மைல் நடை என்ன செலவு வைக்கும் என்று அந்தத் தருக்கம் கேட்கவில்லை.

இதை எதிர்த்து எழுந்தவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் மருத்துவர் வில்லியம் கார்னிஷ். குறைந்தது ஒன்றரை இராத்தல் தானியம், அதோடு பருப்பும் காய்கறியும் இன்றி உழைக்கும் உடல் நிலைக்காது என்று அவர் வாதாடினார். சிறையில் கடின உழைப்புத் தண்டனை பெற்ற கைதிக்குக் கிடைத்த உணவைவிட, குற்றம் ஏதும் செய்யாத இந்த உழவனுக்குக் கிடைத்தது குறைவு. வெப்ப நாட்டுச் சிற்றுடல்களுக்குக் குறைந்த உணவே போதும் என்ற எண்ணம் அக்கால ஆட்சியாளர் பலரிடம் இருந்தது. சிற்றுடல் என்பதையே சிக்கனத்துக்குச் சான்றாக அவர்கள் எடுத்தார்கள். அந்த உடல் சிறுத்தது எதனால் என்பதைக் கேட்க மறந்தார்கள்.

கார்னிஷ் இன்னொன்றையும் எச்சரித்தார். மெல்லமெல்லப் பட்டினி கிடக்கும் உடல், ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால், பின்னர் உணவு கொடுத்தாலும் மீளாது. நிவாரண முகாம்களில் இறந்தோரின் உடல்களைத் திறந்து பார்த்தபோது, தசைகள் முற்றிலும் கரைந்து, குடலின் உட்சவ்வு அழிந்திருந்தது தெரிந்தது. வளர்ந்த ஆண்கள் 60 இராத்தலுக்கும், அதாவது 27 கிலோவுக்கும், குறைந்த எடையில் கிடந்தனர். நாம் மேலே குறித்த சாவின் வாசலையும் கடந்த எடை அது. அந்தக் காலத்தில் ஹூப்பர் என்ற படை அதிகாரி எடுத்த ஒளிப்படங்கள் இன்றும் உள்ளன. அவற்றில் குடும்பம் குடும்பமாக மக்கள் படக்கருவி முன் அமர்ந்திருக்கிறார்கள். விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

சில மாதங்களுக்குப் பின் சென்னை அரசு இறங்கிவந்தது. கூலி ஒன்றேகால் இராத்தலாக உயர்ந்தது. சிறிதளவு பருப்பும் சேர்ந்தது. கார்னிஷ் கேட்டதைவிட அது குறைவே. அதற்குள் எத்தனையோ உடல்கள் அந்தத் திரும்பமுடியாத கட்டத்தைத் தாண்டிவிட்டிருந்தன.

யார் இறந்தார்கள்?

முதலில் இறந்தவர்கள் குழந்தைகளும் முதியோரும். குழந்தைக்கு இருப்பு மிகக் குறைவு. வளரும் உடலாதலால் எடைக்கு எடை ஒப்பிட்டால் தேவை மிக அதிகம். அடுத்து, நிலமற்ற கூலிகள், நெசவாளர், ஊர்ச் சேவை செய்து தானியக் கூலி பெற்றவர்கள். ஊரில் அறுவடை இல்லையேல் இவர்களுக்குக் கூலியும் இல்லை. பஞ்ச நாளில் எவரும் துணி வாங்குவதும் இல்லை.

வயது வந்தோரில் ஆண்கள் பெண்களைவிட அதிகமாக மாண்டனர் என்பது பலரை வியக்க வைத்த செய்தி. அயர்லாந்து, வங்கம், நெதர்லாந்து என வேறு பஞ்சங்களிலும் இதுவே காணப்பட்டது. பெண்ணின் உடலில் கொழுப்பின் பங்கு இயல்பாகவே மிகுதி, தசை குறைவு, அன்றாடச் செலவும் குறைவு. உடல் நிறையெண்ணில் ஆணைவிடச் சற்றுக் கீழே இறங்கியும் அவள் உயிர் தரிக்க முடிகிறது. கருவையும் கைக்குழந்தையையும் காக்கவே படைத்தவர் அவளுக்கு இந்தக் களஞ்சியத்தைத் தந்தார் போலும். நம் வீடுகளில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக, மிஞ்சியதை உண்பவள் தாய். அப்படியிருந்தும் பஞ்சத்தைக் கடந்து அவள் நின்றாள் என்றால், அந்த வலிமையை நாம் தலைவணங்கியே நினைக்க வேண்டும்.

ஆனால் உடலமைப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. 1846-47 குளிர்காலத்தில் அமெரிக்காவின் சியரா நெவாடா மலையில் பனியில் சிக்கிய டோனர் கூட்டத்தார் 87 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் மாண்டனர். ஆண்களின் இறப்பு விகிதம் பெண்களுடையதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டனர்: கட்டுடலோடு தனியாக வந்த இளைஞர்கள் பெரும்பாலும் இறந்தனர்; பெரிய குடும்பத்தோடு வந்தவர்கள் கூடுதலாகப் பிழைத்தனர். பகிர்ந்துகொள்ள ஒருவர், போர்வையை இழுத்துவிட ஒருவர், எழுந்திரு என்று சொல்ல ஒருவர் இருப்பதும் உயிருக்கு ஓர் இருப்பே.

மேலும், பஞ்சத்தில் பசியால் மட்டும் இறப்பவர் சிலரே. எதிர்ப்பாற்றல் குன்றிய உடலை வாந்திபேதியும் வயிற்றளைச்சலும் கொண்டுபோகின்றன. 1877-இன் பிற்பகுதியில் மழை திரும்பியபோது மக்கள் மகிழ்ந்தார்கள். மழையோடு குளிர்காய்ச்சலும் வந்தது. அந்தக் காய்ச்சலின்முன் ஒல்லியும் ஒன்று, பருமனும் ஒன்று. மூதாட்டியின் பாட்டி கண்டது இதைத்தான் போலும்.

முப்பத்தாறு இளைஞர்கள்

டெம்பிள் வகுத்த கூலியில் கிடைத்த உணவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கலோரி என்று பிற்காலத்தார் கணக்கிட்டுள்ளனர். அந்த அளவு உணவு மனிதனை என்ன செய்யும் என்பதை 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை காட்டியது. போரால் பட்டினி கிடந்த ஐரோப்பியரை மீட்கும் வழி அறிய ஆன்சல் கீஸ் என்ற அறிவியலார் அதை நடத்தினார். உடலைத் தந்தவர்கள் 36 இளைஞர். மனச்சான்றின் பொருட்டுப் போரில் கொலை செய்ய மறுத்தவர்கள். பிறரைக் கொல்ல மறுத்தவர்கள் பிறர் பிழைக்கத் தாம் பட்டினி கிடக்க முன்வந்தார்கள்.

நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உணவோடு, 24 வாரம் அவர்கள் வாழ்ந்தார்கள்; வாரத்துக்கு 22 மைல் நடந்தார்கள். சராசரி 69 கிலோவாக இருந்த எடை 53 கிலோ ஆயிற்று. அவர்கள் நல்ல உடற்கட்டோடு தொடங்கியவர்கள். மருத்துவர் அருகில் இருந்தார். சோதனை முடியும் நாளும் தெரிந்திருந்தது. எனினும் அவர்களின் மனம் சிதைந்தது. எந்நேரமும் உணவைப் பற்றியே பேசினர், சமையல் நூல்களை ஓயாமல் படித்தனர், சிரிப்பை மறந்தனர், நண்பர்மேல் எரிந்து விழுந்தனர். பசித்தவரிடம் பொறுமையையும் நன்றியையும் எதிர்பார்க்கும் நமக்கு இது ஒரு பாடம். இந்த இளைஞர்களுக்கு நேர்ந்தது இதுவென்றால், அதே அளவு உணவோடு, முன்பே 42 கிலோவாக இருந்து, வெயிலில் கல் உடைத்த நம் முன்னோருக்கு நேர்ந்தது என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தாமாக ஏற்ற பசி

பசியைத் தாமே ஏற்றவர்களும் உண்டு. திருவில்லிபுத்தூரிலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரத்தில் எட்டிவிடும் விருதுநகரில், 1956 ஜூலை 27 அன்று தியாகி சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு தொடங்கினார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட பன்னிரண்டு கோரிக்கைகள். அப்போது அவருக்கு வயது 61. இளமையோ பருத்த உடலோ அவருக்குத் துணைநிற்கவில்லை. எனினும் எழுபது நாளுக்கும் மேல் அவர் உயிர் நின்றது. அக்டோபர் 13 அன்று மதுரை மருத்துவமனையில் மறைந்தார். அவர் கேட்ட பெயர் 1969 சனவரி 14 முதல் நடைமுறைக்கு வந்தது. உயிரை விடும்வரை நோன்பிருப்பதைப் பற்றித் திருச்சபையின் அறநெறிக்குத் தன் கேள்விகள் உண்டு. ஆயினும் தண்ணீர் இருந்து, உடலை அலைக்கழிக்காமல், நோக்கம் ஒன்றைப் பற்றி நிற்கும் முதிய உடலும் நம் கணக்கை மீறி நிற்கும் என்பதை அவரிடம் காண்கிறோம்.

இன்னொருவர் நம் பலிபீடங்களில் வணங்கப்படுபவர். 1941 ஜூலை இறுதியில் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் பத்துப் பேரைப் பட்டினி அறைக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்தனர். அவர்களில் குடும்பத் தலைவர் ஒருவர் மனைவி மக்களை நினைத்துக் கதறியபோது, அவருக்குப் பதில் தாம் போவதாக முன்வந்தார் அருட்தந்தை மாக்சிமிலியன் கோல்பே. காசநோயால் நெடுநாள் துன்புற்ற, நலிந்த உடலினர். எடைபோடும் எந்த மருத்துவரும் அவரே முதலில் இறப்பார் என்று சொல்லியிருப்பார். இரண்டு வாரம் கழித்து உயிரோடு இருந்த நால்வருள் அவரும் ஒருவர். அதுவரை மற்றவர்களைச் செபத்தில் தாங்கியவரும் அவரே. ஆகஸ்டு 14 அன்று நச்சு ஊசியால் அவரைக் கொன்றார்கள். அவர் காத்த மனிதர் 1995 வரை வாழ்ந்தார். அன்பு கலோரி தராது. கோல்பேயின் உடல் நின்றதற்கு அன்பே காரணம் என்று நாம் துணிந்து சொல்ல மாட்டோம். ஆனால் உடல்வாகைப் பார்த்து ஒரு மனிதரின் இறுதியைக் கணித்துவிடலாம் என்ற துணிவை அவர் நம்மிடமிருந்து எடுத்துவிடுகிறார்.

கஞ்சிக்காக வந்தவர்கள்

தாது வருடப் பஞ்சத்தில் மறைப்பணியாளர்கள் அநாதைக் குழந்தைகளைச் சேர்த்தார்கள், கஞ்சி வார்த்தார்கள். அந்நாள்களிலும் அதையடுத்தும் திருநெல்வேலிப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் கிறித்தவ சபைகளில் சேர்ந்தனர். ஆங்கிலிக்கன் சபைகளில் அந்த எண்ணிக்கை பெரிது. கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்ற ஏளனம் அன்று எழுந்தது. இன்றும் முற்றிலும் அடங்கவில்லை. நம் மக்களில் சிலரே அதைச் சொல்லக் கேட்டு நாம் வருந்தியதுண்டு.

நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பசியைப் பயன்படுத்திக்கொண்டு ஒருவரைத் திருமுழுக்குக்கு அழைத்திருந்தால் அது பாவமே. ஆனால் பசித்து வந்தவர்மேல் ஒரு பழியும் இல்லை. தலைமுறை தலைமுறையாக நிலமும் கூலியும் மறுக்கப்பட்டு, சாவின் வாசலருகிலேயே வாழ வைக்கப்பட்ட ஓர் உடல் கஞ்சி கிடைத்த இடத்தை நோக்கி நடந்தது. ஆண்டவர் பாலைநிலத்தில் அப்பம் பெருக்கியபோது உண்டவர்களின் உள்நோக்கத்தை முதலில் விசாரிக்கவில்லை. யாயீரின் மகளை எழுப்பியவுடன் அவளுக்கு உண்ணக் கொடுக்கச் சொன்னார். வார்த்தை மனுவுருவானார் என்று அறிக்கையிடும் நமக்கு, உடலின் பசி ஆன்மாவின் காரியத்துக்கு வெளியே இல்லை.

பிடியரிசி

இப்போது அந்த இருவருக்கும் விடை சொல்லலாம். உடல்வாகு பஞ்சத்தில் ஒருவருக்குக் கூடுதலாகச் சில வாரங்களைத் தருகிறது, மற்றவருக்கு மறுக்கிறது. அது உண்மை. ஆனால் அந்த உடல்வாகு எங்கிருந்து வந்தது? பரம்பரையும் பாலும் வயதும் ஒரு பங்கு. மற்ற பங்கு, பஞ்சத்துக்கு முந்தைய ஆண்டுகளில் அவர் தட்டில் விழுந்தது என்ன என்பதில் இருக்கிறது. பஞ்சம் வருமுன்பே சமூகம் ஒவ்வோர் உடலிலும் எழுதி வைத்துவிடுகிறது. செல்வனின் வாசலில் கிடந்த இலாசரும் ஒரே நாளில் மெலிந்தவர் அல்லர்.

எனவே உடல்களை நிரப்பும் வேலை பஞ்சம் வந்தபின் தொடங்க வேண்டியது அன்று. சங்கரலிங்கனார் நோன்பிருந்த அதே 1956-இல், அதே விருதுநகரில் பிறந்த முதலமைச்சர் காமராசர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தை மாநிலத்தில் நடைமுறைப்படுத்தினார். வறண்ட கரிசலை அறிந்த ஒருவருக்கு அது தோன்றியதில் வியப்பில்லை. 1982-இல் அது சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. யோசேப்பின் களஞ்சியத்தைப் போல், இது குழந்தைகளின் எலும்பிலும் சதையிலும் கட்டிய களஞ்சியம்.

நம் பங்குகளில் பிடியரிசி என்றொரு வழக்கம் இருந்தது. சில ஊர்களில் இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் உலையில் இடுமுன் தாய் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். ஞாயிறன்று அது ஆலயத்துக்கு வரும். வீட்டில் யாருக்கும் அந்தப் பிடி குறைந்தது தெரியாது. டெம்பிள் பிறர் உணவிலிருந்து ஒரு பிடியைக் குறைத்தார். நம் தாய்மார் தம் உணவிலிருந்து ஒரு பிடியை எடுத்தார்கள்.

அந்த மூதாட்டி இப்போது இறைவனடியில் இருக்கிறார். அன்று கஞ்சி முடிந்ததும் தம் கிண்ணத்தை அலம்பிக் கவிழ்த்துவிட்டு, அடியில் எஞ்சிய கஞ்சியை ஒரு தூக்குவாளியில் ஊற்றச் சொன்னார். எதற்கு என்று கேட்டோம். "தெருமுனை வீட்டுல ஒருத்தி மூணு நாளா படுத்துக் கெடக்கா சாமி. அவளால இம்புட்டுத் தூரம் நடக்க முடியாது" என்றார்.

இந்தத் தவக்காலத்தில் நம் தெருவில் நடக்க முடியாதவர் யார் என்று கேட்டுப் பார்ப்போம். கஞ்சியை நாம் கொண்டு போவோம்.